ஸ்டீயரிங் கனக்கிறதா?

ஆனி, ஆடி என்றாலே குற்றாலத்தில் சாரல்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டு, செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு வரை போய்வருபவர்கள் பலர். பத்திரமாக வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளம்புகிறவர்கள், மலை ஏறுமுன் பவர் ஸ்டீயரிங்கை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

1951-ல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த வசதி இது. என்ஜின், பெல்ட் மூலம் ஒரு பம்பைச் சுழற்றும். அது தரும் எண்ணெய் அழுத்தம்தான் சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது.

ஸ்டீயரிங் கனத்தால் முதலில் முன் டயர்களில் காற்றைப் பாருங்கள். செலவில்லாமலே சரியாகிவிடலாம். திருப்பும்போது 'கிறீச்' என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். மழையில் நனைந்தால் இன்னும் வழுக்கும். பம்ப் முனகினால் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெயில் நுரை தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. ஊற்ற ஊற்றக் குறைகிறதா? குழாயிலோ, சீலிலோ கசிவு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் என்ஜினை அணைக்காதீர்கள். பம்ப் நின்று, ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். நாலு மிதி மிதித்தால் பிரேக்கும் கனத்துவிடும். புளியரை வளைவில், எதிரே பாரம் ஏற்றிய லாரி வரும் நேரத்தில், மிச்சம் பிடித்த பெட்ரோல் யாருக்கு உதவும்?