பாரிஸ் இறுதிப்போட்டி: பழி முந்தியது, உண்மை பிந்தியது

2022 மே 28ஆம் திகதி. ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் லிவர்பூலும் ரியல் மட்ரிட்டும் மோதின. இலங்கை நேரப்படி போட்டி தொடங்க வேண்டியது நள்ளிரவு 12.30க்கு. ஒரு பக்கம் சலாஹ்வும் மானேயும், மறுபக்கம் பென்ஸிமா. நம்மில் பலர் அன்றிரவு கண்விழித்துக் காத்திருந்ததற்கு அதுவே போதுமான காரணம். ஆனால் பந்து உருளவில்லை. பாரிஸின் வடபுறத்தில் செயின்ட் டெனிஸ் நகரிலுள்ள ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானத்தின் பெரிய திரையில் ஓர் அறிவித்தல் மட்டும் தோன்றியது. ரசிகர்கள் தாமதமாக வந்ததால் போட்டி தாமதமாகிறது என்பதே அதன் சாரம்.

36 நிமிடங்கள் பிந்தித் தொடங்கிய அப்போட்டியில் 59ஆவது நிமிடத்தில் வினிசியஸ் ஜூனியர் போட்ட ஒரே கோலினால் ரியல் மட்ரிட் வென்றது. அது அக்கழகத்தின் 14ஆவது ஐரோப்பியக் கிண்ணம். கோல்காப்பாளர் கோர்ட்டுவா ஒன்பது தடவை பந்தைத் தடுத்தார். விளையாட்டுச் செய்தி இவ்வளவுதான். அந்த இரவில் மைதானத்துக்கு வெளியே நடந்ததும், அதைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்யும்தான் இன்றும் பேசப்பட வேண்டியவை.

வெளியே நடந்தது என்ன?

இந்த இறுதிப்போட்டி முதலில் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் நடைபெறவிருந்தது. உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, 2022 பெப்ரவரி 25ஆம் திகதி பாரிஸுக்கு மாற்றப்பட்டது. ஆயத்தத்துக்குக் கிடைத்தது மூன்று மாதங்கள். போட்டி தினத்தில் மைதானத்துக்குச் செல்லும் ரயில் பாதைகளில் ஒன்றில் வேலைநிறுத்தம். ஆகவே பெருந்தொகையான லிவர்பூல் ரசிகர்கள் மற்றைய ரயில் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து வந்த பாதை, நெடுஞ்சாலைக்குக் கீழேயுள்ள ஒடுங்கிய வழியொன்றில் போய் முடிந்தது. அவ்விடத்தில் பொலிஸ் வாகனங்களும் நிறுத்தப்பட்டிருந்தன. பல ஆயிரம் பேர் ஒரு புனலின் வாயில் அகப்பட்டதைப் போல நெருக்குண்டனர்.

பல மணித்தியாலங்களுக்கு முன்பே வந்தவர்கள் மூடிய வாயில்களுக்கு முன்னால் நின்றனர். கையில் செல்லுபடியான டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியவில்லை. சிறுவர்களும் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வந்தவர்களும் நின்ற இடத்தில் பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினர். போட்டி முடிந்து திரும்பும்போது திருடர் கூட்டங்கள் இரு அணி ரசிகர்களையும் தாக்கிக் கொள்ளையடித்தன. யாரும் உயிரிழக்கவில்லை என்பது அதிர்ஷ்டமே.

முதலில் பேசியவர் யார்?

அந்த இரவிலேயே பழி சுமத்தப்பட்டது. பிரான்ஸின் உள்துறை அமைச்சர் ஜெரால்ட் டார்மனான், 30,000 முதல் 40,000 வரையான லிவர்பூல் ரசிகர்கள் போலி டிக்கெட்டுகளுடனோ டிக்கெட் இல்லாமலோ வந்ததாகக் கூறினார். வாயில்களில் உண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட போலி டிக்கெட்டுகளின் எண்ணிக்கை சுமார் 2,600. மைதானத்தின் சீசீரீவி பதிவுகளோ, எந்த அதிகாரியும் கேட்காததால் ஏழு நாட்களில் தாமாகவே அழிந்துபோயின. உலகமே பார்த்த சம்பவமொன்றின் முதன்மைச் சாட்சியம் இவ்வாறு காணாமல் போனது.

ஜூலை மாதம் பிரெஞ்சு செனட் சபையின் விசாரணை, ரசிகர்கள் மீது பழி போட்டது நியாயமற்றது என்றது. 2023 பெப்ரவரியில், ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமான யூஏபா தானே நியமித்த சுயாதீன குழு தனது அறிக்கையை வெளியிட்டது. பிரதான பொறுப்பு யூஏபாவுடையது என்றும், பொலிஸாரின் தவறுகளும் பாரதூரமானவை என்றும் அது முடிவு செய்தது. பெரும் உயிரிழப்பு ஏற்படாமல் காத்ததில் ரசிகர்களின் நிதானத்துக்குப் பங்குண்டு என்றும் சொன்னது. லிவர்பூலுக்கு ஒதுக்கப்பட்ட 19,618 டிக்கெட்டுகளின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க யூஏபா முன்வந்தது. டார்மனான் லிவர்பூல் ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2025இல்தான்.

பொய் ஒரே இரவில் உலகத்தைச் சுற்றி வந்தது. உண்மை வந்து சேர ஒன்பது மாதங்கள் எடுத்தன. அதற்குள் பலர் முதலில் கேட்டதையே முடிவாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

லிவர்பூலின் பழைய காயம்

இந்தப் பழி லிவர்பூல் மக்களை ஏன் இவ்வளவு சுட்டது என்பதற்கு வரலாறு உண்டு. 1985இல் பிரசல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டியில் 39 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இத்தாலியின் ஜுவென்டஸ் ரசிகர்கள். அங்கு மைதானம் பாழடைந்திருந்தது உண்மை, ஆனால் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் பாய்ந்து தாக்கியதும் உண்மை. 14 பேர் தண்டிக்கப்பட்டனர். அந்தக் குற்றத்தை மறைக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஆனால் ஹெய்சலின் நிழல் நான்கு வருடங்களின் பின்னர் அப்பாவிகள் மீது விழுந்தது. 1989 ஏப்ரல் 15இல் ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தனர். வாயிலைத் திறக்க உத்தரவிட்ட பொலிஸ் பொறுப்பதிகாரியே, ரசிகர்கள் அதை உடைத்துக்கொண்டு நுழைந்ததாகச் சொன்னார். இறந்த சிறுவர்களின் இரத்தத்திலும் மதுபானம் தேடப்பட்டது. பொலிஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததை 2012இல் ஒரு சுயாதீன குழு வெளிப்படுத்தியது. ரசிகர்கள் மீது குற்றமில்லை என ஜூரிகள் தீர்ப்பளிக்க 2016 வரை 27 வருடங்கள் எடுத்தன. அந்த மரணங்களுக்காக எந்தப் பொலிஸ் அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை.

பாரிஸிலும் இதே மனநிலைதான் வேலை செய்தது. வருவோரைக் காக்க வேண்டிய விருந்தினராகப் பாராமல், அடக்க வேண்டிய கலகக்காரராகப் பார்த்தே பொலிஸ் திட்டம் வகுக்கப்பட்டது. கூட்டத்தை ஆபத்து என்று நினைத்துப் போடப்படும் தடைகளே கூட்டத்துக்கு ஆபத்தாகின்றன. பிறகு அந்த ஆபத்தைக் காட்டியே முதலில் வைத்த சந்தேகம் நியாயப்படுத்தப்படுகிறது.

அடுத்த பலி

ஆங்கிலேய ரசிகர்கள் மீதான கதை ஆட்டம் கண்டபோது, விரல் வேறொரு பக்கம் திரும்பியது. செயின்ட் டெனிஸ், வட ஆபிரிக்க, மேற்கு ஆபிரிக்கப் பூர்வீகமுடைய குடும்பங்கள் பெருமளவில் வாழும் வறிய புறநகர். ஜூன் மாதப் பாராளுமன்றத் தேர்தல் நெருங்கியிருந்த வேளையில், தீவிர வலதுசாரிகளுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. கொள்ளையில் ஈடுபட்டவர்கள் குற்றவாளிகள். அதில் இரு கருத்தில்லை. ஆனால் ஒடுங்கிய பாதையைத் தெரிவு செய்ததும் வாயில்களை மூடியதும் அந்தப் புறநகரின் பிள்ளைகளல்ல. 2024 ஒலிம்பிக்கின் மெய்வல்லுநர் போட்டிகள் அதே மைதானத்தில், அதே அயலில் நடந்தன. அந்த இரவின் காட்சிகள் மீண்டும் நிகழவில்லை. மாறியது ஊர் மக்களல்ல, திட்டமிடல்.

சிலர் செய்த தவறை முழுச் சமூகத்தின் குணமாகக் காட்டுவது எப்படி வேலை செய்யும் என்பதை இலங்கை முஸ்லிம்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இந்தப் போட்டியைக் கிண்ணத்துக்காக மட்டும் நினைவில் வைத்தால் போதாது.

2025 செப்டெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் 'ஹில்ஸ்பரோ சட்டம்' என அழைக்கப்படும் சட்டமூலம் சமர்ப்பிக்கப்பட்டது. விசாரணைகளில் உண்மை பேசுவதை அரச அதிகாரிகளின் சட்டக் கடமையாக்குவதே அதன் நோக்கம். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பல தசாப்தங்களாகப் போராடியதன் பலன் இது. அவர்களில் பலர் இதைப் பார்க்க இன்று உயிருடன் இல்லை.

ஆகவே அடுத்த முறை ஏதாவதொரு நெரிசலுக்கோ கலவரத்துக்கோ பின்னர் ஓர் அதிகாரி ஒலிவாங்கியின் முன் வந்து 'கூட்டம்தான் காரணம்' என்று சொல்லும்போது, நாம் அதை உடனே பகிராமல் சற்றுப் பொறுப்போம். வாயில் யாருடைய பொறுப்பில் இருந்தது, கெமராப் பதிவுகள் எங்கே என்று முதலில் கேட்போம்.