மறுத்த பள்ளியிடம் காரணம் கேளுங்கள்

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. இடம் கேட்டுக் கிடைக்காத பெற்றோர் எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்து, குலுக்கலில் பெயர் வராமல் போவது ஒரு வகை. அங்கே யாரும் தவறு செய்யவில்லை. மேல்முறையீட்டுக்கு வேலையும் இல்லை. குலுக்கலுக்கு முன்பே விண்ணப்பம் தள்ளப்படுவது இன்னொரு வகை. இதைத்தான் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. ஆனால் இரண்டையும் விதி என்று ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிற வழக்கமே நம்மிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டின் வரம்புகள் தெளிவானவை. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பம், அல்லது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் போன்ற பிரிவு. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி. இவற்றுக்கு வெளியே ஒரு பள்ளி சொல்லும் காரணங்கள் பல சட்டத்தில் நிற்காது. குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து வடிகட்டினால் 13-ஆம் பிரிவின்படி முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. தூரத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தாலோ, செல்லுபடியாகும் வருமானச் சான்றை ஒதுக்கியிருந்தாலோ அது திருத்தக்கூடிய பிழை. அதைத் திருத்த 32-ஆம் பிரிவு வழி தருகிறது: உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் குறை இருந்தால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம். சிறுபான்மைப் பள்ளிகள் மட்டும் விலக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. எனவே மனு எழுதுவதற்கு முன் பள்ளி எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

போராடிச் சேர்த்த பள்ளியில் பிள்ளையை நிம்மதியாகப் படிக்க விடுவார்களா என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை வெளியேற்றக்கூடாது, மன உளைச்சல் தரக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சில் முடிந்த சேர்க்கையைவிட, அதிகாரியின் கோப்பில் ஏறிய சேர்க்கைக்கே அந்தப் பாதுகாப்பைப் பின்னாளில் கேட்டு வாங்கும் பலம் அதிகம். பக்கத்திலேயே அரசுப் பள்ளி இருக்கும்போது தனியார் வாசலில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அரசுப் பள்ளியில் சேர்ப்பது நல்ல முடிவு. மனு நடக்கும் காலத்தில் பிள்ளை அங்கே படிக்கட்டும், ஒரு நாளும் வீணாக வேண்டாம். ஆனால் எந்தப் பள்ளி என்பதைக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும், சட்டத்தை மீறிய ஒரு பள்ளி நிர்வாகம் அல்ல.

கேட்டால் மட்டும் என்ன நடந்துவிடும் என்ற சலிப்புக்கு 2025 பதில் சொல்கிறது. மத்திய நிதி வராததால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே தொடங்காமல் நின்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். கல்வி உரிமைக்கான நிதியை வேறு நிபந்தனைகளோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று ஜூனில் நீதிமன்றம் கூறியது. நிதி வந்து அக்டோபரில் சேர்க்கை தொடங்கியது. தாமதம் கொடுமைதான். எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

உண்மையான தடை நேரம். கூலி வேலையை விட்டுவிட்டு அலுவலகப் படியேற ஒரு தாயால் எத்தனை நாள் முடியும்? மூன்று மாதக் கெடுவும் எல்.கே.ஜி. குழந்தைக்கு மிக நீளம். மே மாதம் கொடுத்த புகாருக்கு ஆகஸ்டில் பதில் வந்தால் வகுப்பு வெகு தூரம் போயிருக்கும். ஆகவே நிராகரிப்புக் காரணத்தைப் பள்ளி அன்றே எழுதித் தர வேண்டும், மாவட்டக் கல்வி அலுவலகம் பள்ளி திறப்பதற்குள் விசாரித்து முடிக்க வேண்டும், அதுவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. இதற்குச் சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை; பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.