அப்பப்பாவின் தாயாருக்குப் பெயர் என்ன?



எமது வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் மகள் இங்கே கார்ஹிங்கில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கையில் ஒரு தாளோடு எம்மிடம் இறங்கி வந்தாள். தாளில் ஒரு மரம். அடியில் ஒரு பெட்டி, அது அவள். அதற்கு மேல் இரண்டு, அதற்கும் மேல் நான்கு, உச்சியில் எட்டு. 'ஸ்ரம்பௌம்' என்று தலைப்பு. எங்கள் வழக்கில் சொன்னால் குலமரம். பதினைந்து பெட்டிகளையும் நிரப்பித் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டுமாம். தகப்பனுக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை. ஆகவே எம்மிடம் வந்துவிட்டாள்.

அடியிலிருந்து ஏழு பெட்டிகளை ஐந்து நிமிடத்தில் நிரப்பினோம். உச்சி எட்டில் மூன்றுதான் நிரம்பின. தகப்பன் வேலைக்குப் போகுமுன் கனடாவிலிருக்கும் அண்ணரோடும், சுவிசிலிருக்கும் சித்தப்பாவோடும் கதைத்தார். பலனில்லை. ஐந்து பெட்டிகள் வெறுமையாகவே கிடந்தன. அந்த ஐந்தில் நான்கு பெண்களுடையவை! ஆண்களில் மூவர் தப்பியது எப்படியென்றால், அவர்களுடைய பெயர்கள் யாரோ ஒரு பிள்ளையின் பெயருக்கு முன்னால் முதலெழுத்தாக நின்றபடியால்தான். எம்முடைய பெயரிடும் முறை தகப்பனைக் காப்பாற்றுகிறது. தாயை இரண்டே தலைமுறையில் கைவிட்டுவிடுகிறது. இத்தனை வருடமாக இதை நாம் யோசித்துப் பார்த்ததேயில்லை.

அதுமட்டுமல்ல. பிள்ளை முதலில் ஒரு முன்னோட்டத் தாளைக் காட்டியபோது ஆசிரியை சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, 'குடும்பப் பெயர் ஏன் ஒவ்வொருவருக்கும் வேறு?' என்று கேட்டிருந்தாராம். பிள்ளையின் குடும்பப் பெயர் தகப்பனுடைய பெயர். தகப்பனுடைய குடும்பப் பெயர் அப்பப்பாவின் பெயர். அப்பப்பாவுக்கு அவருடைய தகப்பனின் பெயர். எங்களுக்கு இது வெள்ளிடைமலை. ஜேர்மன்காரருக்கோ நான்கு தலைமுறையில் நான்கு வேறு குடும்பங்கள்! ஆசிரியையில் பிழையில்லை. பிள்ளைக்கு விளங்கப்படுத்திவிட நாங்கள் மறந்ததுதான் பிழை.

இந்தத் தாளின் புண்ணியத்தில்தான் நாம் சங்கமொன்றின் கூட்டத்துக்குப் போக நேர்ந்தது. மூன்சனில் (மியூனிச்) 'பயரிஷர் லான்டஸ்பெராயின் பியூர் பமிலியன்குண்ட' என்று ஒரு சங்கம் 1922ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. பவேரியக் குடும்ப வரலாற்றுச் சங்கம் என்று சொல்லலாம். கார்ஹிங்கிலிருந்து உ-6 இரயிலில் ஏறினால் நேரே நகருக்குள் போய்விடலாம். டொச் சரியாக விளங்காதே என்று தயங்கித் தயங்கித்தான் போனோம். போய்ப் பார்த்தால், அங்கிருந்த ஜேர்மன்காரரே ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய பதிவுகளெல்லாம் 'குறென்ற்' என்ற கையெழுத்து முறையில் இருக்கின்றன. 1941இல் அந்த எழுத்தைப் பாடசாலைகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் எழுதிய கடிதமே வாசிக்கத் தெரியாது. எமக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை ஒளிப்பானேன்!

அவர்களுடைய முறை எளிமையானது. உன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போ; ஒருபோதும் பாட்டனிலிருந்து தொடங்காதே. ஒவ்வொரு பெயருக்கும் நேரே அது எங்கிருந்து கிடைத்தது, யார் சொன்னது, என்று சொன்னது என எழுதி வை. கேள்விப்பட்டதையும் பத்திரத்தில் கண்டதையும் கலக்காதே. 1876 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஜேர்மனி முழுவதற்கும் 'ஸ்ரண்டஸ்அம்ற்' பதிவு உண்டு. அதற்கு முந்தியதென்றால் கோவில்களின் ஞானஸ்நான, விவாக, மரணப் புத்தகங்கள். 2009இல் வந்த சட்டப்படி பிறப்புப் பதிவு 110 வருடம், விவாகப் பதிவு 80 வருடம், மரணப் பதிவு 30 வருடம் கடந்ததும் சுவடிக்கூடத்துக்குப் போய்விடும். பிறகு யாரும் பார்க்கலாம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எமக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அவர்களுக்குப் பதிவுகள் இருக்கின்றன, எமக்கு எங்கே? வீட்டோடு எரிந்தவை எத்தனை, 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் கிளம்பிய வழியில் நனைந்து போனவை எத்தனை, வன்னியில் பங்கருக்குள் விட்டு வந்தவை எத்தனை! பக்கத்தில் இருந்த வயதான அம்மையார் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "என் பெற்றோரின் ஊருக்கும் இன்று அந்தப் பெயரில்லை" என்றார்.

அவருடைய பெற்றோர் சுடேற்றன்லாண்டிலிருந்து 1946இல் துரத்தப்பட்டு ஆளுக்கொரு மூட்டையோடு பவேரியாவுக்கு வந்தவர்களாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்படித் தப்பியோடியும் துரத்தப்பட்டும் வந்த ஜேர்மன்காரர் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர். இந்த நாட்டில் அகதி என்ற சொல் எங்களோடு வந்ததல்ல, வாசகர்களே.

அவர்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி அம்மையார் சொன்னதுதான் இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது. வந்தவர்கள் சிதறிக் கிடந்தார்கள். யார் உயிரோடு, யார் செத்தார், யார் எங்கே என்று தெரியாது. அப்போது கோவில்களின் தேடுதல் சேவை 'ஹைமாற்ஓர்ற்ஸ்கார்ற்றை' என்ற அட்டைத் தொகுதிகளை உருவாக்கியது. சொந்த ஊர் அட்டைகள். ஆட்களை அவர்கள் இப்போது இருக்கும் இடத்தின்படி அல்லாமல், விட்டு வந்த ஊரின்படி அடுக்கினார்கள். அதே ஊரார் தமக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்ல அட்டைகள் நிறைந்தன. 2 கோடிக்கு மேற்பட்டோரின் விபரங்கள் அவற்றில் சேர்ந்தன. 2015இல் அந்தச் சேவை மூடப்பட்டு, அட்டைகள் அரச சுவடிக்கூடத்தின் பைரொயிற் கிளைக்குப் போயின. குடும்பங்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கிய வேலை, இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு மூதாதையரைத் தேட உதவுகிறது.

பத்திரம் போய்விட்டதே என்று தலையில் கைவைத்திருந்த எமக்கு இது புதுச் செய்தி. பக்கத்து வீட்டுக்காரரின் ஞாபகமும் ஒரு பத்திரம்தான்!

சரி, எம்முடைய பக்கத்துக்கு வருவோம். முழுக்கவும் கையறு நிலை இல்லை. இலங்கையில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிறப்பு, இறப்புப் பதிவு முறைப்படி தொடங்கியது. வீட்டிலிருந்த பிரதி எரிந்தாலும் பதிவாளர் பக்கத்தில் மூலம் தப்பியிருக்கலாம். ஆனால் அங்கே கேட்கப் போகிறவருக்குப் பெயர், ஊர், உத்தேச ஆண்டு மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெயரில்தான் இடறும். நாங்கள் சின்னாச்சி, பெரியாச்சி, தங்கம், ராசாத்தி என்று வீட்டுப் பெயரால் அழைத்தவர்களுக்குப் பதிவில் வேறு பெயர் இருக்கும். பதிவுப் பெயரைச் சொல்லக்கூடிய கடைசி ஆள் இன்னமும் உயிரோடு இருக்கிறாரா என்பதே கேள்வி.

காணி உறுதிகளை நாம் காணிக்காக மட்டுமே பத்திரப்படுத்தினோம். எடுத்து வாசித்துப் பாருங்கள், பாதி குடும்ப வரலாறு அதிலிருக்கும். இன்னாருக்கு முதுசமாக வந்தது, இன்னாருக்குத் தாய்வழிச் சீதனமாகக் கொடுத்தது, இன்னாருடைய தேடியதேட்டம் என்றெல்லாம் வரும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வந்த தேசவழமையின் சொற்கள் அவை. சீதன உறுதியில் பெண்ணின் பெயரும் தாயின் பெயரும் வந்தேயாக வேண்டும். ஆகவே மேலே சொன்ன நான்கு வெறும் பெட்டிகளுக்கும் இதுதான் நல்ல இடம். நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது முறை. உங்கள் கையிலுள்ளது போனாலும் அது இருக்கக்கூடும். காணியின் பெயரும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது இலகு.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கோவில் புத்தகங்கள் உண்டு. அமெரிக்க மிஷன் 1816இலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. மிஷன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. சதாசிவம்பிள்ளை 'ஆர்னல்ட்' ஆனதும், விசுவநாதபிள்ளை 'கரோல்' ஆனதும் அப்படித்தான். திடீரென்று ஒரு வெள்ளைக்காரப் பெயர் வந்தால் மிரள வேண்டாம். சைவக் குடும்பங்களில் சாதக ஓலையோ, குறிப்புக் கொப்பியோ இருந்தால் பிறந்த நாளும் நேரமும் அதிலேயே கிடைத்துவிடும்.

முதியவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "ஆருக்குத் தெரியும்" என்பார்கள். "யாழ்தேவி விட்ட பிறகோ, முந்தியோ?" என்று கேளுங்கள். பிறகு என்றால் 1956க்குப் பின். "பெரிய புயலுக்கு முதலோ?" என்று கேளுங்கள். வடக்கில் 1964 மார்கழிப் புயல். மட்டக்களப்பார் என்றால் 1978 கார்த்திகைச் சூறாவளி. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டால் வருடம் தானாக அகப்படும்.

இனி ஒரு கசப்பான விடயம். அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் தமது பாட்டனாரின் 'ஆனென்பாஸ்' என்ற சிறு புத்தகத்தைக் காட்டினார். மூதாதையர் கடவுச்சீட்டு. 1933 ஏப்ரலில் வந்த அரச ஊழியர் சட்டத்திலிருந்து, தான் யூதப் பரம்பரையல்ல என்று ஆயிரமாயிரம் பேர் இப்படி நிரூபிக்க வேண்டியிருந்தது. கோவில் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித்தான் யார் ஒதுக்கப்பட வேண்டியவர் என்று கண்டுபிடித்தார்கள். கார்ஹிங்கிலிருந்து அதிக தூரமில்லை டகாவ் முகாம்; அது திறக்கப்பட்டதும் அதே 1933 மார்ச்சில். இந்தக் கலைக்கு இப்படியும் ஒரு முகமுண்டு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்கக்கூடாது. 'ஆர் ஆக்கள், எந்தப் பகுதி' என்று கலியாணப் பேச்சில் நாசூக்காய் விசாரிக்கும் எம்மவர்களுக்கு இந்த மரம் வேறு வேலைக்கும் உதவும். சாதி பார்க்கத்தான் உங்களுக்கு மூதாதையர் வேண்டுமென்றால், தயவுசெய்து பெட்டிகளை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். சங்கத்தார் கேட்பது பெயர், ஊர், தொழில், ஆண்டு. அதற்குமேல் எழுத எமது தாளிலும் இடமில்லை.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே! பிள்ளையின் அம்மம்மாவுக்கு மூத்தவர், எங்கள் எல்லோருக்கும் பெரியம்மா, அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார். வயது எண்பத்துமூன்று. கனடாவுக்கும் சுவிசுக்கும் ரெலிபோன் எடுத்த நாங்கள் பக்கத்து அறையில் இருந்தவரைக் கேட்கவில்லை. காலையில் சொன்னதை மாலையில் மறந்துவிடுவார், அவரை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று நினைத்தோம். பிள்ளைதான் தாளோடு போய்க் கட்டிலில் ஏறிக் குந்திவிட்டாள்.

"என்ரை அம்மான்ரை பேரோ? ஏன் பிள்ளை, அதை ஆரும் இவ்வளவு காலமும் கேக்கேல்லையே!" என்றார் பெரியம்மா. வீட்டுப் பெயர், பதிவுப் பெயர் இரண்டும் சொன்னார். தன் மச்சானின், அதாவது பிள்ளையின் அம்மப்பாவின், தாயின் பெயரையும் சொன்னார். அம்மப்பாவீட்டுக் கிணற்றுக் கட்டில் யார் யாருக்கு எந்தப் பக்கம் துலா என்பது வரைக்கும் வந்தது. காலையில் சாப்பிட்டது தெரியாது. அறுபது வருடத்துக்கு முந்திய துலா தெரிகிறது! கைத்தொலைபேசியில் பதிவு செய்தபோது நேரம் 1 மணி 20 நிமிடம் ஓடியிருந்தது. இடையிடையே அழுதார். நிறுத்துவோமா என்று கேட்டால் வேண்டாமென்றார்.

திங்கட்கிழமை மூன்று பெட்டிகள் வெறுமையோடுதான் தாள் பாடசாலைக்குப் போனது. மூன்றும் தகப்பன் பக்கம். அந்த ஊரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சென்ற மாரியில் ஸ்ருற்காற்றில் காலமானார். அவரைக் கேட்டிருக்கலாம்.

தாளின் பின்பக்கத்தில் ஆசிரியைக்கு நாங்கள் நான்கு வரி டொச்சில் எழுதிக் கொடுத்தோம்: தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பனின் பெயர், ஆகவே இந்த நான்கு பெயரும் ஒரே குடும்பம். விரும்பிய வாசகர்கள் அதை எழுதிக் கேட்டால் பிரதி அனுப்புகிறோம். இங்கே பிரஜாவுரிமை பெற்றவர்கள் 2007இல் வந்த சட்டப்பிரிவின்படி பெயர்களில் ஒன்றைக் குடும்பப் பெயராகத் தெரிந்து ஸ்ரண்டஸ்அம்ற்றில் அறிவிக்கலாம். பிறகு பேரப்பிள்ளைக்கும் அதே பெயர் போகும். அதற்கு முன் பழைய முறைப்படி நான்கு தலைமுறையையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிடுங்கள்.

இப்போது ஞாயிறு பின்னேரங்களில் பெரியம்மா ஊர் வரைகிறார். ஒரு பெரிய கடதாசியில் ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக. பேனை பிடிப்பது பிள்ளை. தமிழ் எழுத்து இன்னும் ஓடாதபடியால் டொச் எழுத்தில் பெயர்களை எழுதுகிறாள். சென்ற கிழமை வைரவர் கோவிலடி முடிந்தது. வருகிற ஞாயிறு சங்கக் கடைப் பக்கம் போகிறார்களாம். அந்த ஒழுங்கையில் தனக்குத் தெரியாத வீடு ஒன்றிருக்கிறது, அந்த ஊர்க்காரர் யாராவது வாசித்தால் வரச் சொல்லுங்கோ என்று பெரியம்மா எம்மிடம் சொல்லிவிட்டிருக்கிறார்.