காட்டு விடுதியில் இரண்டு இரவுகள்



சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று ஜயநகரில் வாழும் முதிய அன்பர் ஒருவர் எழுதியது. சேலம் மாவட்டத்திலிருந்து பிழைப்பை நாடி இளமையிலேயே பெங்களூர் வந்து, தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் கனடாவில் இருக்கிறார். வரும் கோடையில் மனைவி மக்களுடன் ஊர் வருகிறவர், பெற்றோரையும் அழைத்துக்கொண்டு கபினிக் கரையிலுள்ள ஒரு சொகுசு விடுதியில் இரண்டு இரவுகள் தங்க விரும்புகிறார். "ஆகும் தொகையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. என் மூன்று மாத ஓய்வூதியம் அது. வேண்டாம் என்றால் மகன் மனம் வருந்துவான். சரி என்றால் என் மனம் ஒப்பவில்லை. காட்டில் போய்ப் படுத்துறங்க இத்தனை பணமா?" என்று கேட்டிருக்கிறார்.

பிறர் வீட்டுச் செலவுக் கணக்கில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆயினும் அந்தக் கரையை நான் இருமுறை கண்டவன். ஒருமுறை மகிழ்ந்தும் ஒருமுறை நொந்தும் திரும்பியவன். ஆதலின் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், முடிவு அவருடையது.

கபினி நமக்கு அயலான ஆறு அன்று. கபிலை என்று புராணங்கள் போற்றும் அதுவே இது. கேரளத்து வயநாட்டு மலைகளில் தோன்றி, மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தின் வழியே கிழக்கு நோக்கி ஓடி, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவமழை வயநாட்டில் வலுத்துப் பெய்தால் முதலில் நிரம்புவது கபினி அணை; அது நிரம்பித் திறந்தால் சில நாட்களில் மேட்டூரில் நீர்மட்டம் உயரும். சேலத்துக்காரருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பீச்சனஹள்ளியில் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டது 1974-ல். ஏறத்தாழ 19½ டி.எம்.சி. நீரைத் தேக்கும் அளவினது. நீர்ப்பரப்பின் வடகரை நாகரஹொளெ வனம். தென்கரை பண்டிப்பூர் வனம். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபொழுது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் பண்டிப்பூரும் ஒன்று. கோடையில் அணை நீர் வடிய வடிய, நீருள் மூழ்கிக் கிடந்த நிலம் வெளிப்பட்டு அதில் பசும்புல் தழைக்கும். காடெங்கும் காய்ந்து கிடக்கும் அந்நாளில் யானைகள் அந்தப் புல்லையும் நீரையும் நாடிக் கூட்டங்கூட்டமாக இறங்கிவரும். ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையாகத் திரளும் இடம் உலகில் மிக அரிது. மனிதன் பாசனத்துக்காகக் கட்டிய அணை, எண்ணாத வகையில் யானைக்கு மேய்ச்சல் நிலம் ஆயிற்று. நான் முதன்முறை சென்றது ஒரு சித்திரை மாதத்தில். மாலை வெயிலில் தாய் யானைகள் புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி, மண் உதிர்த்து உண்பதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி அந்த ஒரு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் காணற்கரிய காட்சியே!

இதே இடத்தில் யானைகள் முன்பு வேறு காரணத்துக்காகக் கூட்டப்பட்டன. காட்டு யானைகளை மந்தையாக வளைத்து ஓட்டி, மரக்கட்டை வேலிக்குள் அடைத்துப் பிடிக்கும் 'கெட்டா' என்னும் முறையை மைசூர் நாட்டில் நிலைநாட்டியவர் சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் அது தொடங்கிற்று. பின்னாளில் கபினிக் கரையிலுள்ள காகனகோட்டை அதற்குப் பேர்போன களம் ஆயிற்று. பறைகொட்டித் தீப்பந்தம் ஏந்திய ஆட்கள் மந்தையை ஆற்றில் இறக்கி மறுகரைக்கு ஓட்ட, வைசிராய்களும் வெளிநாட்டு இளவரசர்களும் மேடையில் அமர்ந்து கண்டு களித்தனர். வந்த விருந்தினர் தங்குவதற்கென்றே காராப்பூரில் மகாராஜா மாளிகைகள் எழுப்பினார். ஆகக் காராப்பூரின் சொகுசு விடுதி என்பது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அங்கே ஒரு பாகனின் மகனாகப் பிறந்த சாபு என்னும் சிறுவன், 1937-ல் வெளிவந்த ஆங்கிலப் படத்தில் யானைப் பாகச் சிறுவனாக நடித்து ஹாலிவுட் வரை சென்றது தனிக்கதை. கடைசிக் கெட்டா நடந்தது 1971-ல். அடுத்த ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் அணை நீர் அந்தக் களத்தையே மூடிவிட்டது.

வேட்டை மாளிகை விருந்தினர் விடுதியாக மாறியதற்கு வழிகாட்டி நேபாளம். அங்கே சித்வன் காட்டில், 1960-களில், 'டைகர் டாப்ஸ்' என்னும் விடுதி எழுந்தது. துப்பாக்கி இன்றிப் புலியைக் காட்டிப் பொருள் ஈட்டலாம் என்று தெற்காசியாவுக்கு அதுவே காட்டிற்று. அவர்களுடைய கூட்டுறவோடு கர்நாடக அரசு 1980-ல் 'ஜங்கிள் லாட்ஜஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. காராப்பூர் மாளிகைகள் அதன் முதல் விடுதியாயின. அவ்விடுதியின் உயிராக விளங்கியவர் கர்னல் ஜான் வேக்ஃபீல்டு. 1916-ல் கயையில் பிறந்தவர், இளமையில் வேட்டைக்காரர், துப்பாக்கியைக் கீழே வைத்த பின் காட்டைக் காக்கவும் பிறருக்குக் காட்டவும் முனைந்தார். எல்லோரும் 'பாப்பா' என்றழைத்த அம்முதியவர், 2010-ல் மறையும் வரை கபினியையே தம் வீடாகக் கொண்டிருந்தார். இன்று அந்தக் கரை நெடுகத் தனியார் விடுதிகள் பல. சிலவற்றில் ஒவ்வோர் அறைக்கும் தனி நீச்சல் குளம் உண்டு. பக்கத்தில் அத்தனை பெரிய ஏரி இருக்க அது எதற்கு என்று கேட்பவன் நான் ஒருவன்தான் போலும்.

இனி, அன்பரின் மனம் ஏன் ஒப்பவில்லை என்பதற்கு வருகிறேன். பணம் மட்டும் காரணமன்று என்று அவர் மடலின் கடைசி வரியிலிருந்து உணர்ந்தேன். "நாம் உள்ளே போவதற்காக யாரோ வெளியே போயிருப்பார்களோ?" என்று எழுதியிருக்கிறார்.

போயிருக்கிறார்கள். அணை கட்டியபொழுது ஊர்கள் நீரில் மூழ்கின. அக்காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஜேனு குருபரும் பெட்ட குருபரும் அணைக்காகவும், பின்பு வனப் பாதுகாப்புக்காகவும் வெளியேற்றப்பட்டனர். ஜேனு என்றால் தேன். பெயரே அவர்கள் தொழிலைச் சொல்லும். ஒரு பகுதியினர் ஹுணசூருக்கு அருகே நாகாபுரத்தில் குடியமர்த்தப்பட்டனர். பலர் குடகுக் காப்பித் தோட்டங்களில் கூலிகளாயினர். நான் முதன்முறை சென்றபொழுது எங்கள் படகை ஓட்டியவர் நடுவயதினர். ஏரியின் நடுவில் பட்டுப்போன மரங்கள் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கும். அவற்றின்மேல் நீர்க்காக்கைகள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நான் பறவையின் பெயரைக் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, "ஐயா, இந்த மரத்தடியில்தான் எங்கள் அம்மாவின் ஊர் இருந்தது" என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். உடன் வந்தவர்கள் நிழற்படம் எடுப்பதில் முனைந்திருந்தனர். நான் மேலும் ஏதோ கேட்க நினைத்தேன், கேட்கத் தெரியவில்லை.

காட்டுக்குள்ளேயே பெரிய ஓட்டல் ஒன்று வர இருந்ததும் நேயர்களுள் மூத்தோருக்கு நினைவிருக்கலாம். 1994-ல் நாகரஹொளெயில் முர்க்கல் என்னுமிடத்து வனத்துறைக் கட்டடங்களை அரசு ஒரு பேர்பெற்ற ஓட்டல் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு அளித்தது. விறகு பொறுக்கினாலே குற்றம் என்று விரட்டப்பட்ட பழங்குடி மக்கள், பணக்காரருக்கு மட்டும் படுக்கையறை கட்ட இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டனர், மறியல் செய்தனர், வழக்கும் தொடுத்தனர். மத்திய அரசின் முன் அனுமதி இன்றிக் காட்டு நிலத்தை அவ்வாறு வழங்கியது வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 1997-ல் தீர்ப்பளித்தது. அந்த விடுதி திறக்கவேயில்லை. படிப்பறியாதவர் என்று நாம் எண்ணும் மக்கள் நீதிமன்றம் ஏறிப் பெற்ற வெற்றி அது. ஆனால் அவர்தம் குடியிருப்பு வழக்கு அதனோடு முடிந்துவிடவில்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தும் மனுக்கள் பல நிலுவையில் நின்றன. 2025 மே மாதம் சில ஜேனு குருபக் குடும்பங்கள் தம் பழைய ஹாடிக்கே திரும்பிச் சென்று குடில் கட்டி அமர்ந்தன.

நம் தமிழகத்துப் பக்கமும் கணக்கு நேர் இல்லை. பெங்களூர்த் தமிழர் பலர் நீண்ட விடுமுறை வந்தால் மசினகுடிக்கு வண்டியைத் திருப்புவர். முதுமலையை அடுத்த சீகூர்ப் பீடபூமி, யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே நடந்து செல்லும் வழித்தடம். அந்த வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை மூடுமாறு 2018-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தமிழக அரசு 2010-ல் வெளியிட்ட வழித்தட அறிவிப்பு செல்லும் என்று 2020-ல் உறுதி செய்தது. அதன்பின் 2021 ஜனவரியில், அப்பகுதி விடுதி ஒன்றின் அருகே வந்த யானைமீது எரியும் டயரை வீசினார்கள். காது கருகிய அவ்விலங்கு சில நாட்களில் இறந்தது. அதை முதுமலைக்குச் சிகிச்சைக்குக் கொண்டுசென்ற வன ஊழியர் ஒருவர், அதன் துதிக்கையைப் பற்றிக்கொண்டு அழுத காட்சியை நாடே பார்த்தது.

நான் நொந்து திரும்பிய கதை சிறிது. இரண்டாம் முறை, கூடுதல் வசதி வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க, காட்டோரத்துத் தனியார் விடுதி ஒன்றில் அறை எடுத்தோம். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. திறந்த வெளியில் ஆட்டம். மறுநாள் ஒரு மான்கூட அருகில் தென்படவில்லை. மேலாளரிடம் முறையிட்டேன். "மற்ற விருந்தினர் விரும்புகிறார்கள், சார்" என்றார். அவ்வளவு பணம் கொடுத்து நான் கேட்டது நம் தெருக் கல்யாண மண்டபத்தில் இலவசமாகவே கேட்கும் பாட்டு.

ஆகையால் ஜயநகர் அன்பருக்கு என் கருத்து இது. மகனோடு செல்லுங்கள். பேரக்குழந்தைகள் தாத்தாவுடன் ஜீப்பில் அமர்ந்து யானையைக் காண்பது வயது கடந்தால் வாய்க்காது. ஆனால் விடுதியை மகன் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். அவ்விடம் யானை வழித்தடத்தில் உள்ளதா, வேலைக்கு அமர்த்தியிருப்பவர்கள் சுற்றுப்புற ஊரினரா, குப்பையை எங்கே கொட்டுகிறார்கள், இரவில் ஒலிபெருக்கி உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறிடம் பாருங்கள். இரவில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறேன் என்று யாரேனும் தனியே வந்து சொன்னால் ஒப்பாதீர்கள்; அது சட்டத்துக்குப் புறம்பு. நான் அறிந்தவரை அரசு விடுதியே போதுமானது. அறை எளியது, ஆனால் வண்டியோட்டி காட்டை அறிந்தவர், கட்டணத்தில் உணவும் படகும் ஜீப்பும் அடக்கம்.

புறப்படுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். காட்டோரச் சிற்றூர்களில் புலி தாக்கி மக்கள் உயிரிழந்ததை அடுத்து, 2025 நவம்பரில் நாகரஹொளெ, பண்டிப்பூர் இரண்டிலும் சபாரி வண்டிகளை நிறுத்திவைக்குமாறு அரசு ஆணையிட்டது. வண்டிகளைக் காவல் பணிக்குத் திருப்பவே அவ்வாறு செய்ததாகக் கூறினர். வயலில் வேலை செய்யும் உழவன் இறந்துகிடக்க, நாம் புலியைத் தேடிக் குதூகலமாகச் செல்வது முறையாகாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆதலின் நீங்கள் செல்லும் நாளில் நிலைமை என்ன என்பதைக் கேட்டறிந்த பின்பே பணம் கட்டுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பண்டிப்பூர் வழியே உதகைக்கோ வயநாட்டுக்கோ தொடர்வதானால், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அச்சாலைகளை அடைத்துவிடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும். 2009 முதல் உள்ள தடை இது.

புலி தென்படும் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைக்காதீர்கள். இருமுறை சென்றும் நான் கண்டது காலடித் தடம் மட்டுமே. செந்நாய்க் கூட்டம், காட்டெருது, வேழம், மரக்கிளையில் மீன்கொத்தி என்று சொல்லிவையுங்கள். பின்பு புலி வந்தால் அது கொசுறு.

திரும்பும் வழியில் அரை நாள் மிச்சமிருந்தால், மைசூரிலிருந்து நேரே பெங்களூருக்கு விரையாமல் நரசீபுரம் சென்று வாருங்கள். நாங்கள் அங்கே படித்துறையில் இறங்கி நின்றோம். என் மனைவியின் பிறந்தகம் மேட்டூர்ப் பக்கம். இரு ஆறுகளும் கூடுமிடத்தில் ஒரு கை நீரள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டு, "இது எப்போது நம் ஊருக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டாள். நாள் கணக்குப் பார்த்துச் சொன்னேன். உடனே தன் தங்கைக்குத் தொலைபேசியில் அந்த நாளைச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.