ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல

பாமன்கடையில் எங்கள் அயலிலே வசிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஞாயிறு மாலை ஒரு யோசனையுடன் வந்தாள். உயர்தர வகுப்பிலே தமிழை ஒரு பாடமாகக் கற்பவள். அவளுடைய அண்ணன் ரொறன்ரோவில், சித்தி குடும்பம் இலண்டனில், மச்சாள் மெல்பேணில். எல்லோரும் வாரந்தோறும் இணையவழியே ஒன்றுகூடிப் பழந்தமிழ் இலக்கியம் படிக்க ஒரு வாசகர் வட்டம் அமைத்தால் என்ன என்பதே அவள் எண்ணம்.

“நல்ல காரியம், தொடங்கு” என்றேன். அவளோ போகாமல் நின்றாள்.

“தொடங்குவது பெரிதல்ல, ஐயா. மூன்றாம் வாரமும் அது நடக்க வேண்டுமே!” என்றாள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் நானும் இப்படியொரு வட்டம் தொடங்கியவன். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். வாரம் ஒரு காதையை வீட்டிலே படித்துவிட்டு வரவேண்டுமென்பது விதி. முதல் வாரம் பதினெண்மர் வந்தனர். நான் ஐம்பது நிமிடம் பேசினேன். இரண்டாம் வாரம் ஒன்பதின்மர். அவருள் படித்து வந்தவர் இருவர். நான்காம் வாரம் நானும் என் விளக்கவுரையுமே எஞ்சினோம். வந்தவர்கள் சோம்பேறிகள் என்று நெடுநாள் குறைகூறித் திரிந்தேன். பிழை என்னுடையதே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

நம் முன்னோர் கூடிப் படித்த முறையை நான் மறந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடப்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். ஒருவர் செய்யுளை இசையுடன் வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். சுற்றியிருப்போர் கேட்பார்கள். எழுத்தறியாத மூதாட்டியும் அங்கே இருப்பார். இலக்கணம் கற்ற பண்டிதரும் இருப்பார். வீட்டிலே படித்துவிட்டு வா என்று எவருக்கும் கட்டளை இல்லை. வந்து அமர்ந்தாற் போதும். நூல் அங்கேயே, எல்லோர் செவியிலும் ஒருங்கே விழும்.

இவ்வாறு கூடிப் படிக்கும் வழக்கம் ஒரு பெருங்காப்பியம் அச்சேறத் துணைசெய்த கதையும் உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் ஐயர் வரிசையாகச் சொல்ல, முதலியார் சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் அதனைப் படித்ததில்லை. பின்னர் இருவரும் சேர்ந்து அந்நூலைப் படிக்கத் தொடங்கினர். பல இடங்கள் விளங்கவில்லை. அப்போது கும்பகோணத்துச் சமணர் வீடுகளிலே சிந்தாமணி முறையாகப் படிக்கப்பெற்றும் பொருள் சொல்லப்பெற்றும் வருவதை ஐயர் அறிந்தார். கல்லூரி ஆசிரியர் என்ற பெருமை பாராட்டாது அங்கே சென்று கேட்டார், ஐயம் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது. ஏட்டிலே உறங்கிய நூலின் பொருளை, கூடிப் படித்த குடும்பங்களின் நாவும் செவியுமே காத்து வைத்திருந்தன.

இன்று ஏடு தேடி அலையவேண்டுவதில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் பழைய நூல்களை இணையத்திலே இலவசமாக வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரியுண்டதை நாம் மறவோம். 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேகரித்து வருவது அவ்வாறான இழப்பு மீண்டும் நேராதிருக்கப் பெரிதும் உதவும். ஆயினும், காத்து வைத்தல் பாதிக் காரியமே. திறந்து வாசிப்பார் இல்லையெனின் பெட்டகத்து நூலுக்கும் இழந்த நூலுக்கும் வேற்றுமை என்ன?

ஆகவே மாணவிக்குச் சில யோசனைகள் சொன்னேன். பெருங்காப்பியத்தில் தொடங்காதே; குறுந்தொகையை எடு. பாட்டு ஒன்றுக்குப் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். வாரம் ஒன்றாகப் படித்தால் ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆகும்! முடிக்கும் அவா வேண்டா. இருபது பாட்டைத் தேர்ந்துகொண்டால் ஐந்து மாதம் இனிது கழியும். எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருங்கள். இல்லையேல் பாடபேதத்திலேயே பொழுது போய்விடும். உரை நூல் வேண்டின், 1942இல் தொடங்கி, இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் பாமன்கடையிலிருந்து நடை தூரமே.

நேரம் ஒரு சிக்கல். இங்கே மாலை நாலரை மணி என்றால் மெல்பேணில் இரவு ஒன்பது அல்லது பத்து. இலண்டனில் நண்பகலை ஒட்டிய வேளை. ரொறன்ரோவில் அதிகாலை ஆறு அல்லது ஏழு. அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எழுவது தமிழ்ப் பற்றுக்கு ஒரு நல்ல பரீட்சை!

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. பாட்டைக் கூட்டத்திலேயே வாய்விட்டு வாசிக்க வேண்டும். இருமுறை வாசிக்க வேண்டும். பயன் சொல்பவர் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். அடுத்த வாரம் வாசிப்பவர் வேறு, பயன் சொல்பவர் வேறு.

இதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. “சித்தியின் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், ஐயா, எழுத்து வாசிக்க வராது. அவர்களை எப்படிச் சேர்ப்பதென்றுதான் இவ்வளவு நாளும் யோசித்தேன்” என்றாள்.

நான் சற்று நேரம் பேசவில்லை. படித்துவிட்டு வரவேண்டுமென்ற என் பழைய விதி எத்தனை பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்! செவிக்கு எட்டும்வரை நூல் நம்முடையது. செவியும் போய்விட்டால் பிறகு எந்தப் பதிப்பும் அதை மீட்டுத் தராது.

இன்று மாலை அவர்களுடைய முதற் கூட்டம். எனக்கும் ஓர் இடம் தரும்படி கேட்டேன்.

“கட்டாயம் வாருங்கள், ஐயா. ஆனால், முதல் மாதம் கேட்பதற்கு மட்டும்” என்றாள்.

நியாயமான தீர்ப்பு. பணிந்தேன்.