ரோகிணிக்காக ஒரு வக்காலத்து

25 வருஷமாக நான் சீரியலைக் காதால்தான் பார்த்து வருகிறேன். மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில் வீட்டு முன்கட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். டிவி என் முதுகுக்குப் பின்னால், அலமாரி மேல். கண்ணை ஊசியிலிருந்து எடுத்தால் ஜாக்கெட்டின் அக்குளில் தையல் கோணிக்கொண்டு போய்விடும். அதனால் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுத்துவிடுவேன். 'சித்தி' ஓடிய காலத்தில் பழகியது இது. கதவுக்குப் பின்னால் யாரோ நின்று ஒட்டுக் கேட்கிறார்கள் என்றால், அந்த ஆள் யாரென்று இசையை வைத்தே சொல்லிவிடுவேன்.

ராத்திரியில் கடையில் மூன்று பேர் இருப்போம். நான், கொக்கி வைக்கவும் ஹெம்மிங் பண்ணவும் வருகிற பெண், அப்புறம் எதிர்வீட்டு மதினி. மதினி வீட்டில் எங்களுடையதைவிடப் பெரிய டிவி இருக்கிறது. ஆனாலும் இங்கேதான் வருவார். தனியாக உட்கார்ந்து திட்டுவதில் அவருக்கு ருசி இல்லை.

இந்த மூன்று பேருக்குள்ளும் கொஞ்ச நாளாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. விஜய் டிவியின் 'சிறகடிக்க ஆசை' ரோகிணிதான் குற்றவாளி. வாதி மதினி. நான் ரோகிணி பக்கம். கொக்கி வைக்கிற பெண் நாளுக்கொரு கட்சி.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 ஜனவரியில் தொடங்கிய சீரியல். அண்ணாமலை, விஜயா தம்பதிக்கு மூன்று மகன்கள். மூத்தவன் மனோஜ், படித்தவன், அம்மா செல்லம். நடுவுலவன் முத்து, கார் ஓட்டுகிறான், குடும்பத்தில் யாருக்கும் பயப்படாத வாய். அவன் பெண்டாட்டி மீனா பூக்கட்டி விற்கிறவள். கடைசி மகன் ரவி சமையல்காரன், அவன் பெண்டாட்டி சுருதி சினிமாவுக்கு டப்பிங் பேசுகிறவள். முத்து அவளைப் 'பல குரல்' என்று கூப்பிடுவான். மனோஜின் பெண்டாட்டிதான் ரோகிணி, பியூட்டி பார்லர் நடத்துகிறவள். முத்து வாயில் அவள் 'பார்லரம்மா'. மலேசியாவில் பெரிய பணக்காரரின் மகள் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் வந்தாள். நிஜத்தில் அவள் பெயர் கல்யாணி. மலேசியாவும் இல்லை, கோடீஸ்வர அப்பாவும் இல்லை. அதைவிடப் பெரிது, முதல் கல்யாணத்தில் பிறந்த ஒரு மகன் இருக்கிறான், கிருஷ். அவனையும் சேர்த்து மறைத்துவிட்டாள்.

பொய்க்குச் சாட்சி வேண்டுமே என்று கறிக்கடைக்காரர் ஒருவரைப் பிடித்து மலேசியா மாமா வேஷம் போட வைத்தாளே, அந்தக் காட்சிகளுக்கெல்லாம் நான் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த மாமா பேசும் ஒவ்வொரு வசனத்திலும் கறிக்கடை எட்டிப் பார்க்கும். அந்த மாமாவை வைத்தே முத்து ஒருநாள் குட்டை உடைத்தான். விஜயா கை நீட்டினாள். மனோஜ் அம்மா பக்கம் போய் நின்றுகொண்டான்.

மலேசியா உடைந்த அந்த வாரத்தைப் பற்றிக் காதால் பார்க்கிறவளாக எனக்கு ஒரு புகார் இருக்கிறது. உண்மை வெளியே வந்த பிறகு யாரும் ஒன்றும் பேசவே இல்லை. டொய்ங் என்று ஒரு சத்தம். அப்புறம் தடதடவென்று மேளம். "இப்ப விஜயா முழிக்கிறா... இப்ப ரவி முழிக்கிறான்... இப்ப சுருதி" என்று மதினி எனக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்று காட்டிவிட்டு, அதே வரிசையில் இன்னொரு சுற்று. அதற்குள் எங்கள் பெண் ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு கொக்கியும் வைத்து முடித்து அடுத்ததைக் கையில் எடுத்துவிட்டாள். வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டிய சீரியலுக்கு ஒரு உண்மை என்பது வங்கியில் போட்ட முதல் மாதிரி, எடுத்தால் தீர்ந்துவிடும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் நான் காத்திருந்தது மறுநாள் காலைக்காக. அடி வாங்கியவள் காலையில் எழுந்து யாரிடம் காபி கேட்டாள்? யார் போட்டுக் கொடுத்தது? அதை நிதானமாகக் காட்டியிருந்தால் நான் தையலை விட்டுத் திரும்பியே பார்த்திருப்பேன்.

வழக்குக்கு வருகிறேன். அன்றைக்கு மதினிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அவளுக்கு நல்லா வேணும். எம்புட்டு ஆட்டம் ஆடுனா!"

"27 லட்சத்தைத் தூக்கிட்டு ஓடுனவன் அதே வீட்டுல சோபாவுல உக்காந்திருக்கான் மதினி" என்றேன்.

"அவன் பெத்த புள்ளம்மா. அவன் எங்க போவான்?"

"அப்ப ரோகிணி எங்கக்கா போவா?" என்று கேட்டாள் கொக்கி வைக்கிற பெண், வாயில் நூலைக் கடித்துக்கொண்டே. அன்றைக்கு அவள் என் கட்சி.

என் வழக்கு மொத்தமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மனோஜ் செய்ததைக் கொஞ்சம் அடுக்கிப் பாருங்கள். அப்பா காலமெல்லாம் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணம் 27 லட்சத்தை எடுத்துக்கொண்டு காதலியோடு கிளம்பினான். அந்தக் காதலி ஜீவா பணத்தோடு அவனையே ஏமாற்றிவிட்டுப் போனாள். பிறகு அந்தப் பணம் அவளிடமிருந்து கைக்குத் திரும்பியபோதாவது அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தானா? ஷோரூம் போட்டான். மலேசியா மாமனார் கொடுத்த பணம் என்று வீட்டில் சொன்னான். இந்தப் பொய்யைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே சொன்னார்கள். ஆனால் மலேசியா உடைந்த அன்று 'மோசக்காரி' என்ற பட்டம் ஒருத்திக்கு மட்டும்தான். மனோஜ் அன்றும் பாவப்பட்ட பிள்ளை, ஏமாந்த பிள்ளை. எங்கள் தெருவில் அவனைக் கோமாளி என்று சிரிக்கிறார்கள். அவளைக் கண்டால் கரித்துக் கொட்டுகிறார்கள்.

ரோகிணி நல்லவள் என்று நான் சொல்லவில்லை. தான் மாட்டாமல் இருக்க மீனா மேல் பழி விழ விட்டாளே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பூக்கட்டுகிறவள் என்று மீனாவை அவள் பார்த்த பார்வையும் (மதினி சொல்லித்தான் தெரியும்) விஜயா பார்வைக்குக் குறைந்ததில்லை. பணக்காரி வேஷம் போட்டது தப்பு. அதற்கு அவள் வாங்கியதெல்லாம் வாங்க வேண்டியதுதான். ஆனால் மலேசியாவையும் கிருஷையும் சீரியல் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது. ஒன்று ஆசையில் சொன்ன பொய். மற்றது பயத்தில் சொன்னது. ஏற்கெனவே கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவள் என்று முதல் நாளே விஜயாவிடம் சொல்லியிருந்தால் வாசல் திண்ணையிலாவது உட்கார விட்டிருப்பாளா? மருமகளின் வீட்டுச் சொத்தைக் கணக்குப் போட்டு அதற்குத் தகுந்த மாதிரிப் பேச்சில் சர்க்கரை போடுகிற மாமியார் அவள். அப்படி ஒரு வீட்டில் ஒரு பெண் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? முத்துவும் மீனாவும் கிருஷ் மேல் உயிரை விடும்போதெல்லாம், பெற்றவள் அதே பிள்ளையைத் தெரியாத பிள்ளை மாதிரி தாண்டிப் போனாளே, அந்தக் காட்சிகளில் ரோகிணியின் மூச்சை நான் கேட்டிருக்கிறேன். ரோகிணியாக நடிக்கும் சல்மா அருண் அதை நன்றாகச் செய்கிறார். வசனம் இல்லாத இடத்திலும் அவர் மூச்சு நடிக்கும். முகம் பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்குமா தெரியவில்லை.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு வேகம் என்று மதினி அடிக்கடி கேட்கிறார். தொழில்தான் காரணம். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறவளிடம் ஒன்றையும் மறைக்க முடியாது. போன மாதம் 36, இந்த மாதம் 38 என்றால் மாமியாருக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்துவிடும். ஆள் திடீரென்று இளைத்தாலும் தெரியும், கையில் பட்ட காயத்தை மறைக்க முழங்கை வரை கை கேட்டாலும் தெரியும். நாங்கள் பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் துணி மடித்து விட்டு வைப்போம், பின்னால் பிரித்துப் பெரிது பண்ணிக்கொள்ள. வெளியே பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரிந்த விஷயங்களையும் அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறேன்.

சன் டிவி பக்கம் போனால், ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம் என்கிற இந்தக் கணக்கு இன்னும் விநோதம். திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' எங்கள் ஊர்ப் பேச்சுக்காகவே நான் கேட்ட சீரியல். அந்தக் கதை வீட்டின் அடுப்படியில் மருமகள்கள் நந்தினியும் ரேணுகாவும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டே, வீட்டை ஆட்டிவைக்கிற ஆதி குணசேகரனை வைது தீர்ப்பார்களே, அந்த இடங்களில் மேளமே வேண்டியிருக்காது. பாத்திரச் சத்தம் போதும். குணசேகரனாக மாரிமுத்து பேசினால் கேட்கவே வேண்டாம். தேனி பக்கத்து மனுஷர். வாக்கியத்தை எங்கே இழுப்பார், எங்கே வெட்டுவார் என்பதை வேறு ஊர்க்காரர் எழுதிக் கொடுத்துப் படித்துவிட முடியாது. 2023 செப்டம்பர் 8 அன்று அந்தச் சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு வந்து இறந்துபோனார். குரல் கொடுக்கப் போன இடத்தில் உயிர் போயிற்று என்று செய்தியில் சொன்னபோது, குரலாகவே அவரை அறிந்திருந்த எனக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை. பிறகு வந்த வேல ராமமூர்த்தி பெரிய எழுத்தாளர், பெருநாழிக்காரர், குரலில் கரகரப்பும் மிரட்டலும் உண்டு. குறை அவரிடம் இல்லை, பழகாத என் காதில்தான். 2024 டிசம்பரில் அடுத்த பாகமாக 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வந்தபோது, கதாநாயகி ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தார். அதற்கும் காது பழகச் சில வாரம் பிடித்தது.

விநோதம் என்றேனே, அது இதுதான். ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் பூட்டி வைக்கிற ஆள். படித்த பெண்களை அடுப்படியில் தள்ளுகிற ஆள். பெற்ற மகளின் வாழ்க்கையையே தன் கௌரவத்துக்குப் பணயம் வைப்பான். அவனுடைய 'இந்தாம்மா ஏய்' எங்கள் தெருவில் ஐந்து வயசுப் பையன் வாயிலும் வந்தது. ஆட்டோ பின்னால்கூட அந்த வாசகத்தைப் பார்த்தேன். வில்லனை ரசித்தோம், நானும் ரசித்தேன், மறுக்க மாட்டேன். மாரிமுத்துவின் கெட்டிக்காரத்தனம் அதில் பாதி. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. ஆண் வில்லன் என்றால் நமக்கு அவன் பேச்சு வேண்டும். பெண் வில்லி என்றால் அவள் அடி வாங்குவது வேண்டும். ரோகிணியின் ஒரு வசனத்தையாவது யாராவது பேசிக் காட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

சீரியல் எழுதுகிறவர்களிடம் ஒரு தையல்காரியின் கோரிக்கை இவ்வளவுதான். அவளை மாட்டிவிடுங்கள், தண்டியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதே கூடத்தில் மனோஜையும் நிற்க வையுங்கள். கிருஷ் பெயரைச் சொல்லி அவளை அடிக்கிற கையை ஒருத்தராவது பிடித்து நிறுத்தட்டும். முத்துவாக இருந்தால் ரொம்பப் பொருத்தம். சின்ன வயசில் அம்மாவைப் பிரிந்து பாட்டி வீட்டில் வளர்ந்தவன் அவன். பெற்றவளிடம் ஒட்ட முடியாத பிள்ளை எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் ஒரு பெண் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாள். யார், எந்தத் தெரு என்று எழுத மாட்டேன், சேலையின் நிறத்தைக்கூட மாற்றித்தான் சொல்கிறேன். மாம்பழ நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் வைத்து எளிமையாகக் கல்யாணமாம், ரொம்ப வேலைப்பாடு வேண்டாம் என்றாள். அளவு எடுத்து முடித்ததும் போகாமல் நின்றாள். மிச்சத் துணியில் நாலு வயசுப் பிள்ளைக்கு ஒரு சட்டை வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். "ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுறாதீங்கக்கா. ஜாக்கெட்டை அவங்க வீட்டு ஆளுக வந்து வாங்கிக்குவாங்க. சட்டைக்கு நான் தனியா வர்றேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி சீரியல் முடியும் நேரத்தில் அந்தச் சின்னச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். விளம்பரம் வந்ததும் மதினி எழுந்து வந்து அதைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார்.

"ஜோரா இருக்கே. யாரு வீட்டுப் புள்ளைக்கு? நம்ம தெருவா?"

"வெளியூர் உருப்படி மதினி" என்றேன்.

கொக்கி வைக்கிற பெண் ஒரு நிமிஷம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.