பூட்டின ரூமுக்குள்ள கஞ்சா செடி: ஒரு விவசாயியோட கருத்து



மாடித்தோட்டம் பத்தி எழுத ஆரம்பிச்சதுலேருந்து பட்டணத்துப் பிள்ளைங்க நிறைய கேள்வி கேக்கறாங்க. கீரை, தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் சரி. இப்போ சில பேர், "இருக்கறது ஒரே ரூம், அதுல கஞ்சா செடி ரெண்டு வளர்த்தா என்ன தப்பு, அதுவும் மூலிகைதானே?"ன்னு கேக்கறாங்க. என் கருத்தை நேராவே சொல்லிடறேன். அந்தச் செடிக்காக வாதாடணும்னா வயலுக்காக வாதாடுங்க. பூட்டின ரூமுக்காக வேண்டாம்.

முதல்ல சட்டம். ஒரு கிலோ வரைக்கும் கஞ்சா வெச்சிருந்தா "சிறிய அளவு", தண்டனை கம்மின்னு பலரும் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. அது கையில வெச்சிருக்கறதுக்கு. வளர்க்கறதுக்கு அந்தக் கணக்கே கிடையாது. 1985-ம் வருஷத்து போதைப்பொருள் சட்டம் 20-வது பிரிவுப்படி செடி வளர்த்தா 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். ஒரு தொட்டியா, நூறு தொட்டியான்னு அந்தப் பிரிவு பிரிச்சுப் பாக்கல. 2023 ஜூன்ல கர்நாடகா சிவமொக்காவுல, வாடகை வீட்டுக்குள்ள கூடாரமும் விளக்கும் வெச்சு வளர்த்ததா மருத்துவ மாணவர்கள் கைதானாங்க. 2024 நவம்பர்ல கிரேட்டர் நொய்டாவுல ஒரு அடுக்குமாடி வீட்டுல 80-க்கு மேல தொட்டிங்க பிடிபட்டுச்சு.

அடுத்தது, நீங்க யோசிக்காத ஒரு ஆள்: வீட்டுக்காரர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிங்க வந்த பிறகு, எங்க பக்கத்துல மழை பொய்ச்ச வருஷம் பல குடும்பத்தைக் காப்பாத்தறதே ரூம் வாடகைதான். தெரிஞ்சே இடம் கொடுத்திருந்தா, அதே சட்டத்தோட 25-வது பிரிவு வீட்டுக்காரரையும் பிடிக்கும். தெரியாதுன்னு நிரூபிக்க அவர் எத்தனை நாள் கோர்ட்டுக்கு நடக்கணும்? நிலம் வெச்சிருக்கற எங்களுக்கு 46-வது பிரிவு இருக்கு. துவரைக்கு நடுவுல யாரோ நட்டுட்டுப் போனதா இருந்தாலும், பாத்த உடனே தகவல் சொல்லணும். தெரிஞ்சும் சும்மா இருந்தா எங்களுக்குத் தண்டனை. நீங்க ஆசைக்கு வளர்க்கறது, இன்னொருத்தர் பத்திரத்து மேல.

மூணாவது, இது விவசாயமே இல்ல. கஞ்சா, ராத்திரி நீளமானா பூக்கற செடி. எங்க பழைய சம்பா நெல்லும் அப்படித்தான், பகல் குறைஞ்சாத்தான் கதிர் வரும். ஓசூர் பக்கம் சாமந்தித் தோட்டத்துல ராத்திரி பல்பு எரியறதும் இதை வெச்சுத்தான்; வெளிச்சம் காட்டிப் பூவைத் தள்ளிப் போடறாங்க. ஆனா அங்கே பகல்ல வெயில் சும்மா கிடைக்குது. ரூமுக்குள்ள வெயிலையே கரண்ட்டுல வாங்கணும். 500 வாட் விளக்கு தினம் 18 மணி நேரம் எரிஞ்சா 9 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட். ஃபேன், ஏ.சி. தனி. வருஷம் பூரா வெயில் காயற நாட்டுல இது எதுக்குங்க?

வீட்டுக்குள்ள தொழில் பண்றதைக் காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நெசவாளர் வீட்டுல தறிதான் பெரிய இடத்தைப் பிடிச்சிருக்கும், மிச்ச இடத்துலதான் குடும்பமே. ஆனா அந்தத் தறிச் சத்தம் தெரு முழுக்கக் கேக்கும். ஒளிச்சு வைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கதவைச் சாத்தி, ஜன்னல்ல திரை போட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசனை போயிடுமோன்னு பயந்து வளர்க்கற செடியில என்ன சந்தோஷம் இருக்கு?

இந்தச் செடியையே வெறுத்துப் பேசறேன்னு நினைக்காதீங்க. அதே 1985 சட்டத்துல, நாருக்கும் விதைக்கும் சணல்வகைக் கஞ்சா பயிரிட அனுமதி கொடுக்க 14-வது பிரிவு இருக்கு. உத்தராகண்ட் 2018-லேயே லைசென்ஸ் கொடுத்துச்சு. போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கறது நிபந்தனை. இங்கேயும் அப்படி ஒரு நாள் வரலாம். வந்தா லைசென்ஸ் யாருக்குப் போகும்? பெரிய கம்பெனிக்கா, ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கறவனுக்கா? படிச்ச நீங்க குரல் கொடுக்க வேண்டிய இடம் அது.

அது வரைக்கும் ரூமுக்குள்ள ஏதாவது வளர்த்தே ஆகணும்னா சிப்பிக்காளான் போடுங்க. வைக்கோல் எங்க கிட்டேயே வாங்கிக்கலாம், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பயிற்சியே தர்றாங்க. சுமார் ஒரு மாசத்துல குழம்புக்கு ஆகும். கதவைத் திறந்து வெச்சே வளர்க்கலாம், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கலாம்.